அரை நானோ விநாடியின் சரித்திரம்

1980களின் தொடக்கத்தில் மூன்று ஊர்களில் ஏறக்குறைய ஒரே வேலை நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், மிஷெல் டெர்-பொகோசியான் குழு, பாசிட்ரானை வைத்து உடம்பைப் படமெடுக்கும் ஒரு பெட் ஸ்கேனரைக் கட்டியது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் லெட்டி ஆய்வகம் ஒன்றைக் கட்டியது. ஹூஸ்டனில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் இன்னொன்று. நோயாளியின் உடலிலிருந்து எதிரெதிர்த் திசையில் கிளம்பும் இரண்டு காமாக் கதிர்களில் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதை அரை நானோ விநாடியை ஒட்டிய துல்லியத்தில் அந்தக் கருவிகள் பிரித்துச் சொல்லின. ஒரு விநாடியை நூறு கோடியாக வகுத்து, அதிலும் பாதி.

2006இல் பிலிப்ஸ் நிறுவனம் 'ஜெமினி டிஎஃப்' என்ற ஸ்கேனரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதே நேர வித்தியாசத்தை அளக்கும் புதிய தலைமுறையின் முதல் வணிகக் கருவி அதுதான். அதன் துல்லியம் 585 பிக்கோ விநாடி, அதாவது அரை நானோ விநாடிக்குச் சற்றே மேல். கால் நூற்றாண்டுக்கு முன்பு ஆய்வகத்தில் ஓடிய கருவிகளும் ஏறத்தாழ இதையே தொட்டிருந்தன.

அப்படியானால் இடையில் போன இருபத்தைந்து வருஷம் எதற்கு? லண்டனில் கருவித் தொழிலில் வயதான ஆள் நான். பல்ஸ் என்னும் மின்துடிப்புகளைப் பார்த்தே கண்ணாடியின் பவர் ஏறியது. இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதற்கான பதிலில்தான் இன்றைய பெட் ஸ்கேனின் சரித்திரம் முழுவதும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நோயாளிக்கு ஊசியில் ஏற்றும் மருந்தில் பாசிட்ரானை உமிழும் அணுக்கள் உண்டு. பாசிட்ரான் பக்கத்தில் ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்கள் நேர் எதிர்த் திசைகளில் கிளம்புகின்றன. சுற்றியிருக்கும் வளையத்தில் இரண்டு டிடெக்டர்கள் ஒரே சமயத்தில் அதிர்ந்தால், அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டில் எங்கோ சம்பவம் நடந்தது என்று அறியலாம். கோட்டில் எந்த இடத்தில் என்றுதான் தெரியாது. எங்கள் கிழக்கு லண்டன் மனோர் பார்க் வழியாக ஓடும் பாதையில் ஏதோ ஒரு ஸ்டேஷனிலிருந்து, ஒரே நொடியில், ஒரே வேகத்தில், ஒன்று ஷென்ஃபீல்ட் பக்கமும் மற்றது லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கமும் இரண்டு ரயில்கள் கிளம்புகின்றன என்று வையுங்கள். இரண்டு கோடிகளிலும் நிற்பவர்கள் ரயில் வந்த நேரத்தைக் குறித்து ஒப்பிட்டால், எந்த ஸ்டேஷனில் கிளம்பின என்று சொல்லிவிடலாம். கடிகாரம் மட்டமானதாக இருந்தால் "பாதையில் எங்கோ" என்பதற்கு மேல் சொல்ல முடியாது.

ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் போகும். ஒரு பக்கம் நெருங்க மறுபக்கம் விலகுவதால், நேரப் பிழையில் பாதிதான் இடப் பிழையாகும். அரை நானோ விநாடித் துல்லியம் என்றால், சம்பவம் நடந்த இடம் ஏழரை சென்டிமீட்டருக்குள் அடங்கும். கட்டியைத் தேடும் டாக்டருக்கு ஏழரை சென்டிமீட்டர் போதாதே என்று தோன்றும். ஆனால் 40 சென்டிமீட்டர் அகலமுள்ள உடம்பில் அந்தத் தகவலை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் படத்தைக் கட்டும்போது, இரைச்சல் கணிசமாகக் குறைகிறது. ஒரு கோட்டின் எண்ணிக்கையை முழு உடம்பிலும் பரப்பாமல், ஏழரை சென்டிமீட்டரில் மட்டும் பரப்பினால் போதும் அல்லவா? உடம்பு பெருத்தவருக்கு லாபம் இன்னும் அதிகம்.

இரண்டு டிடெக்டர்கள் ஒரே சமயத்தில் அதிர்வதைக் கண்டுபிடிக்கும் உத்தி மருத்துவத்தில் பிறந்ததல்ல. ஜெர்மனியில் வால்தர் போத்தே 1920களில் அதைத் தொடங்கினார். அதற்காகவே 1954இல் நோபல் பரிசு பெற்றார். கேம்பிரிட்ஜில் பிளாக்கெட்டும் ஒக்கியாலினியும் 1930களின் தொடக்கத்தில் அதே உத்தியால் அண்டக்கதிர்களைப் பிடித்து, பாசிட்ரான் இருப்பதை உறுதிப்படுத்தினார்கள். 1950களின் தொடக்கத்தில் பாஸ்டனில் ஸ்வீட்டும் பிரௌனலும் அதை மூளைக் கட்டியைத் தேடத் திருப்பினார்கள்.

லண்டனுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. மேற்கே ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 1955இல் ஒரு சைக்ளோட்ரான் இயங்கத் தொடங்கியது. மருத்துவத்துக்கென்றே மருத்துவமனைக்குள் அமைந்த முதல் சைக்ளோட்ரான் அது. இரண்டே நிமிட அரை ஆயுள் கொண்ட ஆக்சிஜன்-15 அங்கே பக்கத்து அறையிலேயே தயாராகி நோயாளிக்குப் போனது. தூரத்தில் செய்து லாரியில் கொண்டுவரும் கதை அதற்கு ஆகாது. பிற்பாடு டெர்ரி ஜோன்ஸும் கூட்டாளிகளும் மூளையின் ரத்த ஓட்டத்தையும் ஆக்சிஜன் செலவையும் எண்ணிக்கையாகவே அளந்து காட்டியது அங்கேதான். காமாக் கதிர் பட்டதும் டிடெக்டரிலுள்ள படிகம் சிந்தும் ஒளித்துளிகளை மின்துடிப்பாக மாற்றும் ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய்களை வடமேற்கு லண்டனின் ரைஸ்லிப்பில் ஈ.எம்.ஐ. செய்தது. அதே ஈ.எம்.ஐ.யின் ஹேய்ஸ் ஆய்வகத்தில்தான் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் சி.டி. ஸ்கேனரை உருவாக்கினார். அதில் முதல் நோயாளி படுத்தது விம்பிள்டன் பக்கம் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், 1971 அக்டோபர் 1. இன்று மனோர் பார்க்கில் எலிசபெத் லைன் ஏறினால் அந்த ஹேய்ஸ் வரைக்கும் அதே லைன்தான்.

கிழக்கு லண்டனுக்கு இந்தப் புகழ் இல்லை. எங்களுக்கு அடுத்த ஊரான இல்ஃபோர்டில் பிளெஸ்ஸி தொழிற்சாலை இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, வான்ஸ்டெட்டுக்கும் காண்ட்ஸ் ஹில்லுக்கும் நடுவே, அப்போது ரயில் ஓடாத சென்ட்ரல் லைன் சுரங்கங்களுக்குள் அதன் வேலைகள் நடந்தன. எனக்கு இந்த ஊரில் சால்டரிங் இரும்பை ஒழுங்காகப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெரியவர் இல்ஃபோர்டில் அங்கே தொழில் படித்தவர். "சிக்னலை நம்பு, மீட்டரை அப்புறம் நம்பு" என்பார். ஆஸிலோஸ்கோப்பின் பச்சைத் திரையில் ஒரு பல்ஸ் எப்படி எழுகிறது, எங்கே வளைகிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று முதலில் ரொம்ப நேரம் வெறுமனே பார்க்கச் சொல்வார். அந்தப் பயிற்சிதான் பிறகு எனக்குச் சோறு போட்டது.

பல்ஸ் எப்போது வந்தது என்று எப்படிச் சொல்வது? எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வோல்டேஜ் மட்டத்தைக் குறித்துவிட்டு, பல்ஸ் அதைத் தாண்டும் கணத்தை வருகை நேரமாக எடுத்துக்கொள்வது. இதில் ஒரு கோளாறு இருக்கிறது. பெரிய பல்ஸ் அந்த மட்டத்தைச் சீக்கிரம் தாண்டும். சின்ன பல்ஸ் மெதுவாகத் தாண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்திருந்தாலும் கருவி இரண்டு நேரங்களைக் காட்டும். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், ஆர்டெக் நிறுவனத்தில் கெட்கேயும் மெக்டொனால்டும் இதற்குத் தீர்வு கண்டார்கள். பல்ஸை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தணித்து, மற்றதைத் தலைகீழாக்கித் தாமதப்படுத்தி, இரண்டையும் கூட்டினால் கோடு பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடம் பல்ஸின் உயரத்தைப் பொறுத்து மாறாது. பல்ஸ் தன் உயரத்தில் ஒரே பங்கை எட்டும் கணத்தையே அது எப்போதும் காட்டும்.

இந்த உத்தியை வைத்து ஆர்டெக் செய்த பெட்டியின் முகப்பில் இரண்டு சாக்கெட்டுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு துண்டு கேபிளைச் செருக வேண்டும். தாமதத்தைத் தருவது அந்தக் கேபிளின் நீளம்தான். 20 சென்டிமீட்டர் கேபிளில் சிக்னல் ஒரு நானோ விநாடி செலவழிக்கும். ஆகவே படிகத்துக்கும் குழாய்க்கும் ஏற்றபடி கேபிளை வெட்டி, கனெக்டர் வைத்து, ஸ்கோப்பில் பார்த்து, இன்னும் ஒரு விரற்கடை வெட்டி, திரும்பவும் பார்ப்போம். அதிகமாக வெட்டிவிட்டால் புதுக் கேபிள். மேசை டிராயரில் அளவு எழுதி ஒட்டிய துண்டுக் கேபிள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். காலையில் சரியாக இருந்த அளவு, மாலையில் அறை சூடேறியதும் நழுவியிருக்கும். ஒரு ஜோடி டிடெக்டருக்கே இந்தப் பாடு. ஸ்கேனரில் நூற்றுக்கணக்கான குழாய்கள். அத்தனைக்கும் நேரத்தை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, நாளெல்லாம் அசையாமல் காக்க வேண்டும். 1980களில் அந்த மூன்று ஊர்க்காரர்களும் இதைச் செய்து காட்டினார்கள் என்பதை நினைக்கும்போது அவர்கள் பக்கம் கைகூப்பத் தோன்றுகிறது.

ஆனாலும் அந்த முயற்சி ஓய்ந்தது. வேகம் வேண்டி அவர்கள் தேர்ந்த படிகங்கள் சீசியம் ஃபுளோரைடும் பேரியம் ஃபுளோரைடும். சில நானோ விநாடிக்குள் ஒளிர்ந்து அணைபவை. முதலாவது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டாவதன் வேகமான ஒளி புற ஊதாவில் இருப்பதால் விலை கூடிய குவார்ட்ஸ் முகப்புள்ள குழாய் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டும் அடர்த்தி குறைந்தவை. காமாக் கதிர்களில் பல பிடிபடாமல் ஊடுருவிப் போய்விடும். அதே காலத்தில் பிஸ்மத் ஜெர்மனேட் என்ற படிகம் வந்தது. அதன் ஒளி அடங்க 300 நானோ விநாடி ஆகும். நேரத்தை நுணுக்கமாக அளக்க அது லாயக்கில்லை. ஆனால் கனமானது, காமாவை நன்றாகத் தடுத்து நிறுத்தும், சின்னச் சின்னதாக அறுக்கலாம். நேரத் தகவல் இல்லாமலே அது தந்த படம், நேரத் தகவலோடு மற்றவை தந்த படத்தைவிடத் தெளிவாக இருந்தது. போதாததற்கு, ஒவ்வொரு சம்பவத்தின் நேரத்தையும் சேமித்துக் கணக்கிட அன்றைய கம்ப்யூட்டர்களுக்குத் தெம்பில்லை. 1990கள் முழுவதும் பிஸ்மத் ஜெர்மனேட்டின் ராஜ்யம்.

திருப்பம் எண்ணெய்க் கிணற்றுப் பக்கத்திலிருந்து வந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் இது. ஷ்லம்பெர்ஜர் என்பது பூமிக்குள் துளையிட்டுப் பாறை அடுக்குகளை அளக்கும் நிறுவனம். துளைக்குள் இறக்கும் கருவிக்கு உறுதியான, வேகமான, ஒளி நிறையத் தரும் படிகம் தேவைப்பட்டது. அங்கே வேலை பார்த்த சார்ல்ஸ் மெல்ச்சர், சீரியம் கலந்த லுட்டீஷியம் ஆர்த்தோசிலிகேட்டைக் கண்டுபிடித்தார். சுருக்கமாக எல்.எஸ்.ஓ. 1992இல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும் பொருள் அது. இரிடியம் கலத்தில் உருக்கி, நுனியில் விதைப் படிகத்தைத் தொடவைத்து, சுழற்றிக்கொண்டே அணு அணுவாக மேலே இழுக்க வேண்டும். கனத்தில் அது பிஸ்மத் ஜெர்மனேட்டுக்குக் குறையாது. ஒளியோ அதைவிடப் பன்மடங்கு. அடங்கும் நேரம் 40 நானோ விநாடி. லுட்டீஷியத்தில் இயற்கையாகவே கொஞ்சம் கதிரியக்க ஐசோடோப் இருப்பதால், படிகம் தானே சதா மெல்ல ஒளிர்ந்துகொண்டிருக்கும். எண்ணெய்க் கிணற்று வேலைக்கு இது தொந்தரவு. பெட் ஸ்கேனில் எதிரெதிர் ஜோடியை மட்டும் எண்ணுவதால் பெரும்பாலும் பாதகமில்லை. இன்று அந்தச் சுய கதிரியக்கத்தை வைத்தே கருவியின் கடிகாரங்களைச் சரிபார்க்கும் முறைகளும் வந்துவிட்டன.

கனமும் வேகமும் ஒரே கல்லில் அமைந்ததும், பெர்க்லியில் வில்லியம் மோசஸ் போன்றவர்கள் பழைய கனவைத் திரும்ப எடுத்தார்கள். இந்த முறை கம்ப்யூட்டரும் துணைக்கு இருந்தது. 2006இன் 585 பிக்கோ விநாடி 1980களின் அரை நானோ விநாடியைப் போலவே தெரிந்தாலும், அது நோயாளிக்கு நோயாளி, நாளுக்கு நாள், பராமரிப்புக்காரர் பக்கத்தில் நிற்காமலே கிடைத்த துல்லியம். இருபத்தைந்து வருஷம் அதற்குத்தான் செலவானது.

அதற்குப் பிறகு துல்லியத்தைக் கூட்டியதில் டிஜிட்டல் முறைக்குப் பெரும் பங்குண்டு. பல்ஸ் ஒரு மட்டத்தைத் தாண்டும் ஒற்றைக் கணத்தை மட்டும் குறித்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுவது பழைய வழக்கம். பல்ஸ் முழுவதையும் எண்களாக மாற்றிக்கொண்டால்? கனடாவின் ஷெர்புரூக்கில் ரோஜர் லெகோம்ட், ரெஜான் ஃபொன்டேன் குழு சிறு விலங்குகளுக்கான 'லேப்பெட்' ஸ்கேனரில் அதைச் செய்தது. 45 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் தொடர்ந்து ஓடும் மாற்றிகள் பல்ஸை எண்களாக்கின. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் 22 நானோ விநாடி இடைவெளி. அவ்வளவு அகன்ற சல்லடையில் சில நானோ விநாடியை எப்படிப் பிடிப்பது? பல்ஸின் வடிவம் நமக்கு முன்கூட்டியே தெரியும் என்பதுதான் சூட்சுமம். கிடைத்த சில புள்ளிகள் அந்தத் தெரிந்த வடிவத்தில் எங்கே உட்காருகின்றன என்று பொருத்திப் பார்த்தால், இடைவெளிக்குள் மறைந்திருக்கும் தொடக்க நேரம் வெளியே வந்துவிடும். சியாட்டிலில் ஹேசல்மன், லெவெலன், மியவோக்கா ஆகியோரும் நூறு மெகாஹெர்ட்ஸுக்கும் குறைந்த மலிவான மாற்றிகளை வைத்து, நாமே நிரல் எழுதி மாற்றியமைக்கும் எஃப்.பி.ஜி.ஏ. சில்லுக்குள் இந்தப் பொருத்தத்தைச் செய்தார்கள்.

வேகம் வேண்டியவர்களுக்கு வேறு வழியும் வந்தது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வகத்தில் ஸ்டெஃபான் ரிட் வடிவமைத்த டி.ஆர்.எஸ்.4 சில்லு, 1024 சின்னச் சின்ன கபாசிட்டர்களில் சிக்னலைத் துண்டு துண்டாக வாங்கி வைத்துக்கொள்ளும். விநாடிக்கு 500 கோடி முறை வரை மாதிரி எடுக்கும். பல்ஸின் எழுச்சியில் மட்டுமே பல புள்ளிகள் கிடைத்துவிடும். அந்தத் தரவைக் கையில் வாங்கியபோது நான் முதலில் செய்தது, பழைய ஆர்டெக் பெட்டியின் வேலையை அப்படியே நிரலில் எழுதிப் பார்த்ததுதான். தணிப்பு ஒரு பெருக்கல். தலைகீழாக்குவது ஒரு கழித்தல் குறி. டிராயர் நிறையக் கிடந்த கேபிள் துண்டுகளின் வேலையை, வரிசையில் சில இடங்கள் தள்ளிப் படிக்கச் சொல்லும் ஒரே ஓர் எண் செய்துவிட்டது. எந்த எண் சிறந்தது என்று ஒரே தரவில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு படிகத்துக்கும் தனித்தனி எண் வைக்கலாம். அறை சூடேறினால் அந்த நழுவலையும் கணக்கில் திருத்தலாம்.

கணக்குக்கும் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பை 1950லேயே போஸ்டும் ஷிஃப்பும் எழுதிவிட்டார்கள். படிகத்தில் பிறக்கும் ஒளித்துளிகள் ஒவ்வொன்றும் தற்செயலான கணத்தில் வருகின்றன. சம்பவம் எப்போது நடந்தது என்ற சேதி பெரும்பாலும் முதலில் வரும் சில துளிகளில்தான் இருக்கிறது. பின்னால் வரும் ஆயிரக்கணக்கானவை ஆற்றலைச் சொல்லும், நேரத்தைப் பெரிதாகச் சொல்லாது. ஆகவே முதல் துளிகளைத் தவறவிடாத சென்சார் வேண்டும். சிலிக்கான் சென்சார்கள் அந்த இடத்தை நிரப்பின. பிலிப்ஸ் 2009இல் அறிமுகப்படுத்திய சென்சாரில் நுண்ணறை ஒவ்வொன்றும் பிறப்பிலேயே டிஜிட்டல். ஒரு துளி விழுந்தால் ஒன்று, விழாவிட்டால் பூஜ்ஜியம், நேரத்தைக் குறிக்கும் கடிகாரமும் அதே சில்லில். அதை வைத்து 2013இல் வந்த 'வெரியோஸ்' 300 பிக்கோ விநாடியை ஒட்டி நின்றது. சீமென்ஸ் 2018இல் கொண்டுவந்த 'பயோகிராஃப் விஷன்' 214 பிக்கோ விநாடி. ஏழரை சென்டிமீட்டர் மூன்றே கால் ஆனது.

இதெல்லாம் நோயாளிக்கு என்ன தருகிறது? எங்கள் தெருவில், சர்ச் ரோடு முருகன் கோயிலுக்குத் தவறாமல் போகும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், ஸ்கேனுக்குத் தேதி வந்ததும் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். "தம்பி, நீங்கள் உந்த மிஷினுகளோட வேலை செய்த ஆளெல்லோ. எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கோணும்? எனக்கு நாரி ஏலாது" என்றார். இடுப்பு வலி அவருக்கு. "ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் சும்மா இருக்கணும் அக்கா. மிஷினுக்குள்ள இருபது நிமிஷம் போலத்தான். சுகர் மாத்திரை எடுக்கிறதை மட்டும் முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றேன். பிஸ்மத் ஜெர்மனேட் காலத்தில் முழு உடம்புக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். நேரத் தகவலால் இரைச்சல் குறைந்ததால், அதே தெளிவைக் குறைந்த நிமிடங்களிலோ குறைந்த மருந்திலோ வாங்க முடிகிறது. இடுப்பு வலிக்காரர் ஒருவர் அசையாமல் படுத்திருந்து, படம் கலங்காமல் வருவதற்குப் பின்னால் எத்தனை பேரின் கேபிள் துண்டுகளும் கணக்குகளும் இருக்கின்றன என்று அன்று நினைத்துக்கொண்டேன். சுகர் விஷயம் நம்மவர்கள் மறக்கக் கூடாதது. மருந்தே குளுக்கோஸ் மாதிரியான பொருள் என்பதால், ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் படம் கெடும்.

லண்டன் இந்தத் தடத்தில் இன்னும் நடக்கிறது. 2023இல் அறிவித்த தேசியப் பெட் திட்டத்தில், முழு உடம்பையும் நீளமாகப் பார்க்கும் ஸ்கேனர் ஒன்று தேம்ஸ் கரையிலுள்ள செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்கு ஒதுக்கப்பட்டது.

ஆய்வகங்களில் இப்போது பல்ஸின் வடிவத்தை இயந்திரக் கற்றலுக்குக் கொடுக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் எரிக் பெர்க்கும் சைமன் செர்ரியும் 2018இல் வெளியிட்ட சோதனையில், மட்டம் தாண்டும் பழைய முறை 231 பிக்கோ விநாடி தந்த அதே டிடெக்டர்களில், நரம்பு வலைக் கணக்கு 185 பிக்கோ விநாடி தந்தது. படிகம் மாறவில்லை, சென்சார் மாறவில்லை. தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த தகவலை எடுத்துப் பயன்படுத்தியதால் வந்த லாபம் அது. 2021இல் அதே பல்கலைக்கழகத்தாரும் கூட்டாளிகளும், படிகம் ஒளிர்வதற்குக் காத்திராமல், உடனே பிறக்கும் செரென்கோவ் ஒளியைப் பிடித்து 32 பிக்கோ விநாடியை எட்டினார்கள். கோட்டில் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. படத்தைக் கட்டும் கணக்கே இல்லாமல், சம்பவங்களை நடந்த இடத்தில் புள்ளியாக வைத்தே படம் எடுத்துக் காட்டினார்கள். இரண்டு டிடெக்டர்களை வைத்து எடுத்த ஆய்வகப் படம் அது. வார்டுக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது.

செர்ன் ஆய்வகத்தின் பால் லெகாக் முன்னெடுத்த '10 பிக்கோ விநாடி சவால்' இப்போது எல்லோருக்கும் இலக்கு. அதை எட்டினால் இடப் பிழை ஒன்றரை மில்லிமீட்டர். மருத்துவமனையில் ஓடும் கருவிகள் இன்று 200ஐ ஒட்டியே நிற்கின்றன. நிரல் எழுதியே மீதித் தூரத்தைக் கடந்துவிடலாம் என்று சொல்லும் இளைஞர்களைச் சந்திக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நிரலால் மீட்க முடிவது, சென்சாரில் பிடிபட்ட ஒளித்துளியின் நேரத்தை மட்டுமே. பிறக்காத துளியை எந்தக் கணக்கும் தராது. 1980களின் முயற்சி படிகத்தில்தான் தோற்றது, 1992இல் படிகத்தால்தான் உயிர்த்தது. அடுத்த பாய்ச்சலும் படிக உலையிலிருந்தே தொடங்கும் என்பது என் துணிபு.